விளக்கம்: காய்த்துளைப்பானை வெல்ல ஒரு கத்தரிக்கோல் போதுமா? வீட்டில் கத்தரி வளர்ப்பும் சமையலும்

புது தில்லி: காய்கறிக் கடையில் கத்தரிக்காயைக் கையில் எடுப்பவர் முதலில் தேடுவது அதன் நிறத்தை அல்ல, அதில் துளை இருக்கிறதா என்பதைத்தான். காயைத் திருப்பிப் பார்த்து, காம்பின் அடியை விரலால் தடவி, துளை உள்ளதை ஒதுக்கிவிட்டுப் பளபளப்பான காய்களை மட்டும் பையில் இடுவது நாடெங்கும் உள்ள வழக்கம். இந்தச் சிறிய தேர்வுக்குப் பின்னால் ஒரு புழு, அதை ஒழிக்கத் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லிகள், ஒரு மரபணு மாற்றுப் பயிர் குறித்த நீண்ட விவாதம் ஆகியவை மறைந்திருக்கின்றன.

உலகில் சீனாவுக்கு அடுத்தபடியாகக் கத்தரிக்காயை அதிகம் விளைவிக்கும் நாடு இந்தியா. மேற்கு வங்கம், ஒடிசா, குஜராத், மத்தியப் பிரதேசம், பிகார் ஆகியவை இதில் முன்னணி மாநிலங்கள். ஆண்டு முழுவதும் கிடைப்பதாலும் விலை பெரும்பாலும் எட்டும் அளவில் இருப்பதாலும் எளிய குடும்பங்களின் அன்றாடக் கறியாக இக்காய் விளங்குகிறது. அன்றாடம் உண்ணும் ஒரு காய் எவ்வாறு விளைகிறது என்பது வீட்டுக்கு வீடு பொருட்படுத்த வேண்டிய கேள்வி. மாடியிலோ பால்கனியிலோ நான்கு செடிகளை வைத்தால் அந்தக் கேள்விக்கு ஓரளவு விடை காண முடியும். அது எவ்வாறு என்பதை இங்கே காணலாம்.

கத்தரிக்கு ஏன் இவ்வளவு மருந்து?

கத்தரியின் முதன்மைப் பகை, தண்டு மற்றும் காய்த்துளைப்பான் எனப்படும் ஓர் அந்துப்பூச்சியின் புழு. வெண்ணிறச் சிறகில் பழுப்புத் திட்டுகள் கொண்ட இந்தப் பூச்சி, பெரும்பாலும் இலைகளின் அடிப்புறத்தில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு, இளந்தண்டையோ பூ மொட்டையோ பிஞ்சையோ துளைத்து உள்ளே சென்றுவிடுகிறது. நுழைந்த வழியைத் தன் கழிவைக் கொண்டே அடைத்துக்கொள்வதும் உண்டு. அதன் பின்னர் வளர்ச்சியின் பெரும்பகுதியை அது செடியின் உள்ளேயே கழிக்கிறது. முற்றிய புழு வெளியேறி, உதிர்ந்த சருகுகளுக்கிடையிலும் மண்ணின் மேற்பரப்பிலும் கூட்டுப்புழுவாகிறது.

உள்ளே சென்ற புழுவை மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டுவதில்லை. முட்டை பொரிந்து புழு உள்ளே நுழைவதற்கு இடைப்பட்ட சில மணி நேரத்தில்தான் அதைத் தாக்க முடியும். பூச்சிகள் தொடர்ந்து முட்டையிடுவதால் அந்த நேரம் எப்போது வாய்க்கும் என்பதை விவசாயியால் கணிக்க இயலாது. எனவே தெளிப்பு மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. அடிக்கடி தெளிப்பதால் பூச்சிகள் எதிர்ப்புத் திறன் பெறுகின்றன. பூச்சிகளை உண்டு வாழும் நன்மை தரும் உயிரினங்களோ அழிகின்றன. முடிவில் மருந்தின் அளவு மேலும் கூடுகிறது.

இதில் அறுவடை முறையும் ஒரு சிக்கல். பூச்சிக்கொல்லி ஒவ்வொன்றுக்கும், தெளித்த நாளிலிருந்து இத்தனை நாள் கழித்தே காயைப் பறிக்க வேண்டும் என்ற காத்திருப்புக் காலம் உண்டு. உணவில் எஞ்சியிருக்கக்கூடிய மருந்தின் உச்ச வரம்பை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்துள்ளது. ஆனால் நெல்லைப் போலக் கத்தரி ஒரே நாளில் அறுவடையாகும் பயிர் அன்று. சில நாள்களுக்கு ஒருமுறை என மாதக்கணக்கில் காய் பறிக்க வேண்டியிருக்கிறது. நீண்ட காத்திருப்புக் காலம் கொண்ட மருந்தைத் தெளித்தால், இடைப்பட்ட நாள்களில் காய்கள் முற்றிப்போகும். இந்த நெருக்கடியில் விதியைப் பின்பற்றுவது விவசாயிக்கு எளிதன்று.

நுகர்வோரிடையே பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். காயில் துளை இருந்தால் அது மருந்து தெளிக்கப்படாதது எனச் சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. புழு உள்ளே சென்ற பிறகும் மருந்து தெளிக்கப்பட்டிருக்கலாம். அதேபோல், துளை இல்லாத காய் அனைத்தும் மருந்தில் நனைந்தது என்பதும் இல்லை. கண்ணால் பார்த்து இதனைத் தீர்மானிக்க இயலாது. நன்கு கழுவுவதால் மேற்பரப்பில் உள்ள எச்சம் குறையும். செடியின் சாற்றோடு கலந்து காயின் உள்ளே செல்லும் வகை மருந்துகள் கழுவுவதால் நீங்குவதில்லை.

பி.டி. கத்தரி விவகாரம் என்ன?

இதே புழுவை எதிர்கொள்ளவே மரபணு மாற்றுக் கத்தரி உருவாக்கப்பட்டது. பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியாவின் மரபணு ஒன்றைக் கத்தரியில் புகுத்தி, செடியே புழுவுக்கு நஞ்சாகும் புரதத்தை உற்பத்தி செய்யுமாறு அமைத்தது மஹிகோ நிறுவனம். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தார்வாட் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகமும் பொது ரகங்களில் இத்தொழில்நுட்பத்தைச் சேர்க்கும் பணியில் பங்கேற்றன.

2009-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு இதற்கு ஒப்புதல் அளித்தது. எதிர்ப்பு எழுந்ததைத் தொடர்ந்து, அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் இணையமைச்சர் (தனிப்பொறுப்பு) ஜெய்ராம் ரமேஷ், கொல்கத்தா, புவனேஸ்வரம், ஆமதாபாத், நாகபுரி, சண்டீகர், ஹைதராபாத், பெங்களூரு ஆகிய 7 நகரங்களில் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டங்களை நடத்தினார். 2010-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி, பி.டி. கத்தரி வெளியீட்டை நிறுத்திவைப்பதாக அவர் அறிவித்தார். நாட்டில் உள்ள கத்தரியின் பன்மயத்தைக் காக்க வேண்டும் என்ற வாதம் அந்த விவாதத்தில் முக்கிய இடம் பெற்றது. அண்டை நாடான வங்கதேசம் 2013-இல் இதற்கு அனுமதி அளித்து, 2014-இல் விவசாயிகளுக்கு நாற்றுகளை வழங்கியது.

இந்த விவாதத்தில் எப்பக்கம் நின்றாலும் ஒன்றை ஏற்றாக வேண்டும். ஒரு சிறிய புழு, நாட்டின் அறிவியலையும் அரசியலையும் ஒருசேர அசைத்தது. ஏக்கர் கணக்கில் பயிரிடும் விவசாயிக்கு அது தீராத சிக்கல். ஆனால் நான்கு தொட்டிகளை வைத்திருக்கும் வீட்டுக்கு அவ்வாறு அல்ல.

வீட்டில் நிலைமை எவ்வாறு மாறுகிறது?

இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, எண்ணிக்கை. ஒரு ஏக்கரில் ஆயிரக்கணக்கான செடிகளை நாள்தோறும் ஒவ்வொன்றாகப் பார்வையிட எந்த விவசாயியாலும் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது. நான்கு செடிகளைப் பார்வையிட ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாவது, தேவை. சந்தைக்குச் செல்லும் காயில் ஒரு துளை இருந்தாலும் அதற்கு விலை இல்லை. வீட்டுச் சமையலறையிலோ, புழு துளைத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு எஞ்சியதைக் கறியாக்கலாம். துளை இல்லாத காய்தான் வேண்டும் என்ற நிர்ப்பந்தம் நீங்கினால், மருந்தின் தேவையும் பெருமளவு நீங்கிவிடுகிறது.

எனினும், வீட்டில் வளர்த்தால் புழுவே வராது என எதிர்பார்க்கக் கூடாது. பூச்சிகள் பறந்து வருபவை. மாடித் தோட்டத்தையும் அவை கண்டுகொள்ளும். சில தண்டுகளும் சில காய்களும் வீணாகும். இதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு தொடங்குவது நல்லது.

எந்த ரகத்தைத் தேர்வு செய்வது?

எந்தக் கறிக்கு வேண்டும் என்பதையும் எந்த ஊரில் வளர்க்கிறோம் என்பதையும் பொறுத்தே ரகம் அமைய வேண்டும். தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த கத்தரியில், ஊருக்கு ஓர் இனம் என்று சொல்லும் அளவுக்கு வேறுபாடுகள் உண்டு. பழந்தமிழில் வழுதுணை என வழங்கப்பட்ட இக்காய், நிறத்தாலும் வடிவத்தாலும் முள்ளாலும் சுவையாலும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிறது.

கர்நாடக மாநிலம் உடுப்பி அருகே மட்டு கிராமத்தில் விளையும் பச்சை நிற உருண்டைக் காயான மட்டு குள்ள ரகத்துக்கு 2011-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுட்டு மசிக்கும் கறிக்குப் பெயர்பெற்ற மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் பரீத் கத்தரிக்கு 2016-இலும், வாரணாசியை அடுத்த ராம்நகரின் பெரிய உருண்டைக் கத்தரிக்கு 2023-இலும் இந்தக் குறியீடு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் வேலூர் மாவட்டத்தின் இலவம்பாடி முள் கத்தரியும் 2023-இல் இப்பட்டியலில் இடம்பிடித்தது.

புவிசார் குறியீடு பெற்ற காய்களின் தனிச்சுவை, அந்தந்த மண்ணையும் நீரையும் சார்ந்தது. அதே விதையை வேறு ஊரில் தொட்டியில் விதைத்தால் அதே சுவை கிடைக்கும் எனக் கூற இயலாது. ஆகவே உள்ளூர் ரகமே முதல் தேர்வாக இருக்கட்டும். உள்ளூர் விதை கிடைக்காதோர் ஆராய்ச்சி நிறுவனங்களின் ரகங்களை நாடலாம். தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா பர்பிள் லாங், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா நிதி, அர்கா கேசவ், அர்கா நீல்காந்த் ஆகியவை அறியப்பட்டவை. அர்கா வரிசையில் கூறப்பட்ட மூன்றும் பாக்டீரியா வாடல் நோயைத் தாங்கும் திறன் கொண்டவை. மழை மிகுந்த, ஈரம் நிறைந்த பகுதிகளில் இந்த நோய் ஒரு பெருந்தொல்லை என்பதால் அங்குள்ளோர் இவற்றைக் கருதலாம். சிறு தொட்டிகளுக்கு, பெருங்காய் ரகங்களைவிடச் சிறிய காய்களைக் கொத்தாகத் தரும் ரகங்களே உகந்தவை.

விதையிலிருந்து நடவு வரை

கத்தரி வெப்பத்தை விரும்பும் பயிர். வட மாநிலங்களில் கடுங்குளிர் மாதங்களில் செடியின் வளர்ச்சி தடைபடும் என்பதால், ஜூன்–ஜூலை மாதங்களில் விதைத்து மழைக்காலம் முடிந்து காய் பறிப்பது அங்கு பரவலான வழக்கம். தமிழ்நாட்டில் டிசம்பர்–ஜனவரி, மே–ஜூன் ஆகிய பருவங்கள் விதைப்புக்கு ஏற்றவை.

குழித்தட்டிலோ சிறு கிண்ணங்களிலோ தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைகளை இட வேண்டும். வெதுவெதுப்பான காலத்தில் 6 முதல் 10 நாள்களில் முளை தெரியும். நேரடி வெயில் படாமல் வைத்து, முளைத்ததும் வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். தாமதித்தால் நாற்றுகள் வெளிச்சத்தைத் தேடி மெலிந்து நீண்டுவிடும். பூவாளியால் அளவாக நீர் தெளிப்பது போதுமானது. ஈரம் மிகுந்தால் நாற்றுகள் அடியில் அழுகிச் சாய்ந்துவிடும்.

விதைத்த 30 முதல் 35 நாள்களில், நான்கைந்து இலைகள் விட்ட நாற்றுகள் நடவுக்குத் தயாராகும். தரையில் நடுவதாயின் செடிக்குச் செடி சுமார் 60 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. தொட்டியில் நடுவதாயின் ஒரு தொட்டிக்கு ஒரு செடி மட்டுமே. தொட்டி குறைந்தது ஓர் அடி ஆழமும் அகலமும் கொண்டதாக, அடியில் நீர் வடியும் துளைகளுடன் இருக்க வேண்டும். பழைய 20 லிட்டர் வாளியும் இதற்குப் பயன்படும்.

தோட்ட மண் இரண்டு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு என்ற கலவை பொதுவாக ஏற்றது. ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைச் சேர்ப்பது வேரைத் தாக்கும் பூச்சிகளைக் குறைக்க உதவும். மாலை நேரத்தில் நட்டு, முதல் சில நாள்கள் நிழல் தருவது நல்லது. அதன் பின்னர் நாள்தோறும் குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில் தேவை. அந்த அளவுக்கு வெயில் வராத பால்கனியில் கத்தரி காய்ப்பது அரிது. அத்தகைய வீடுகளில் கீரையைத் தேர்வு செய்வதே பயன் தரும்.

இரு வாரங்களுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் இட்டு, மேல்மண்ணைக் கிளறிவிட வேண்டும். காய் பாரத்தால் கிளை முறியாமலிருக்க ஒரு குச்சியை ஊன்றிக் கட்டலாம். முந்தைய பருவத்தில் தக்காளி, மிளகாய் அல்லது கத்தரி வளர்த்த அதே மண்ணில் மீண்டும் கத்தரியை நடுவதைத் தவிர்க்க வேண்டும்; இவை அனைத்தையும் தாக்கும் பொதுவான நோய்க்கிருமிகள் மண்ணில் தங்கியிருக்கக்கூடும்.

பூக்கள் உதிர்வது ஏன்?

முதன்முதலாகக் கத்தரி வளர்ப்போரைப் பெரிதும் கவலைக்குள்ளாக்குவது பூ உதிர்தல். இதில் ஒரு பகுதி இயற்கையானது. கத்தரிப் பூக்கள் அனைத்தும் ஒன்றுபோல் அமைந்தவை அல்ல. சூல்தண்டு நீண்டு மகரந்தப் பைகளுக்கு வெளியே தெரியும் பூக்கள் நன்கு காய்க்கும். சூல்தண்டு மிகக் குட்டையாக உள்ளே அடங்கியிருக்கும் பூக்கள் பெரும்பாலும் காய்க்காமல் உதிர்ந்துவிடும். எனவே பூத்ததெல்லாம் காய்க்கவில்லை என்று உரத்தைக் கொட்டுவது பயனற்றது.

35 டிகிரி செல்சியஸைத் தாண்டும் கடும் வெப்பம், மண் காய்ந்துபோதல், தழைச்சத்து மிகுதல் ஆகியவையும் பூ உதிர்வதற்குக் காரணங்கள். மற்றொன்று, மகரந்தச் சேர்க்கை. கத்தரிப் பூவின் மகரந்தப் பைகள் நுனியில் உள்ள சிறு துளை வழியாகவே மகரந்தத்தை வெளியிடுகின்றன. சிலவகைத் தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு அதிர்வு எழுப்பி அதனை உதிர்க்கின்றன. தேனீக்கள் வராத உயர்மாடிக் குடியிருப்புகளில், காலை வேளையில் பூங்கொத்தின் காம்பை விரலால் மென்மையாகத் தட்டிவிட்டால் காய்ப்பு கூடும்.

காலை ஐந்து நிமிடம்: புழுவைக் கட்டுப்படுத்தும் முறை

வீட்டு வளர்ப்பின் வெற்றி இந்த ஐந்து நிமிடத்தில்தான் அடங்கியுள்ளது. நாள்தோறும் காலையில் ஒவ்வொரு கிளையின் நுனியையும் பார்க்க வேண்டும். செடி முழுவதும் செழிப்பாக இருக்க, ஒரு நுனி மட்டும் தலை தொங்கி வாடியிருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்க் குறைவு அன்று. உள்ளே புழு இருக்கிறது என்பதன் அடையாளம்.

அவ்வாறு வாடிய நுனியை, வாட்டம் தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். வெட்டிய முகத்தில் துளை தெரிந்தால், புழு இன்னும் கீழே இருக்கிறது எனப் பொருள். துளை தெரியாத இடம் வரை வெட்ட வேண்டும். வெட்டிய நுனியைத் தொட்டியின் அருகே போடக் கூடாது. பிளந்து புழுவை அழிக்க வேண்டும். அல்லது நெகிழிப் பையில் இறுகக் கட்டி வெயிலில் வைத்துப் பிறகு அப்புறப்படுத்த வேண்டும். துளை விழுந்த பிஞ்சுகளையும் உடனே பறித்துவிட வேண்டும். வெட்டிய இடத்துக்குக் கீழே புதிய கிளைகள் துளிர்க்கும் என்பதால் செடிக்குப் பெரிய இழப்பில்லை.

தண்டில் உள்ள புழுவை இவ்வாறு தொடக்கத்திலேயே நீக்குவது முக்கியம். அதனை விட்டுவைத்தால் அது பூச்சியாகி அடுத்த தலைமுறைக்கு முட்டையிடும். அந்தத் தலைமுறை காய்களைத் துளைக்கும். தொட்டியைச் சுற்றி உதிர்ந்த இலைகளை அவ்வப்போது அகற்றுவதும் கூட்டுப்புழுக்களைக் குறைக்கும். ஆண் பூச்சிகளைக் கவரும் இனக்கவர்ச்சிப் பொறிகள் வேளாண் இடுபொருள் கடைகளில் கிடைக்கின்றன.

புள்ளிவண்டு மற்றொரு தொல்லை. இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்று, நரம்புகளை மட்டும் வலைபோல் விட்டுவைப்பது இதன் வேலை. இலையின் அடியில் கொத்தாகக் காணப்படும் மஞ்சள் முட்டைகளையும் முள் போர்த்த மஞ்சள் புழுக்களையும் கையாலேயே நீக்கிவிடலாம். மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ ஆகியவற்றுக்கு, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம்.

இலைகள் மிகச் சிறுத்து, கொத்துக் கொத்தாகக் குவிந்து, செடி காய்க்காமல் நின்றுவிட்டால் அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சிகளால் பரவும் இந்நோய்க்கு மருந்திட்டுப் பயனில்லை. செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துவதே மற்ற செடிகளைக் காக்கும்.

எப்போது பறிப்பது?

நட்ட இரண்டு முதல் இரண்டரை மாதங்களில் முதல் காய்கள் கிடைக்கும். காய் பெருக்கட்டும் எனக் காத்திருப்பதுதான் பலரும் செய்யும் தவறு. தோல் பளபளப்பாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். பளபளப்பு மங்கத் தொடங்கினால் உள்ளே விதைகள் கடினமாகி, கசப்பும் கூடும். விரலால் அழுத்தினால் உள்வாங்கி மெதுவாக மீண்டு வரும் காய் சரியான பதத்தில் உள்ளது. அழுத்தத்துக்கு இடமே தராத காய் இன்னும் பிஞ்சு. அழுத்திய பள்ளம் மீளாத காய் முற்றியது. கையால் இழுக்காமல் காம்புடன் வெட்டி எடுக்க வேண்டும். நன்கு பராமரிக்கப்படும் ஒரு செடி, ரகத்தையும் பருவத்தையும் பொறுத்து ஒரு கிலோ முதல் இரண்டு கிலோ வரை காய்களைத் தரக்கூடும். காய்ப்பு ஓய்ந்த பின் கிளைகளைக் கவாத்து செய்து உரமிட்டால் செடி மீண்டும் துளிர்த்துக் காய்க்கும்.

சமையலறையில் கவனிக்க வேண்டியவை

நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதற்குக் காரணம், அதில் உள்ள பீனால் வகைச் சேர்மங்கள் காற்றில் உள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிவதே. உப்பு கலந்த நீரில் நறுக்கிய துண்டுகளை இடும் பாட்டிமார் வழக்கம் இந்த வினையைத் தடுக்கிறது. இரும்புக் கத்தியைவிடத் துருப்பிடிக்காத எஃகுக் கத்தியால் நறுக்கினால் கறுப்பு குறையும்.

கத்தரிக்காய் எண்ணெயைக் குடிக்கும் என்ற புகாருக்கும் காரணம் உண்டு. அதன் சதை, காற்றறைகள் நிறைந்த பஞ்சு போன்றது. சூடான எண்ணெயில் இட்டவுடன் அந்த அறைகளை எண்ணெய் நிரப்புகிறது. துண்டுகளில் உப்பைத் தடவி 20 நிமிடம் வைத்து, வெளிவரும் நீரைத் துடைத்துவிட்டால் அறைகள் ஓரளவு சுருங்கும். ஆவியில் ஐந்து நிமிடம் வேகவைத்துப் பின்னர் வதக்கினாலும் எண்ணெயின் தேவை குறையும். காயில் ஏறத்தாழ 92 விழுக்காடு நீர்தான். 100 கிராமில் சுமார் 25 கிலோகலோரியும் 3 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. எளிய இந்தக் காயைக் கனத்த உணவாக்குவது அதில் ஊறும் எண்ணெயே. கத்தரியின் இலையும் தண்டும் உணவுக்கு உகந்தவை அல்ல. கத்தரிக்காய் உண்டபின் நாக்கிலோ தோலிலோ அரிப்பு ஏற்படுவோர் அதைத் தவிர்த்து மருத்துவரை அணுக வேண்டும்.

மூன்று காய், மூன்று கறி

பெரிய உருண்டைக் காய்: பஞ்சாபின் பர்த்தா, பிகாரின் சோக்கா, வங்கத்தின் பேகுன் போடா, அசாமின் பிட்டிகா அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே, காயைத் தணலில் சுட்டு மசித்தல். அளவில் பெரியதாகவும் கைக்கு எடை குறைவாகவும் உள்ள காயைத் தேர்வு செய்ய வேண்டும். அடுப்பில் வைக்கும் முன் இரண்டு இடங்களில் நீளவாக்கில் கீறி உள்ளே புழு இருக்கிறதா எனப் பார்ப்பது அவசியம். கீறாமல் சுட்டால் உள்ளே சேரும் ஆவியால் காய் வெடிக்கவும் கூடும். கீறலில் இரண்டு பூண்டுப் பற்களைச் செருகி, எண்ணெய் தடவி, மிதமான தீயில் திருப்பித் திருப்பி 12 முதல் 15 நிமிடம் சுட வேண்டும். தோல் முழுவதும் கருகியதும் ஐந்து நிமிடம் மூடிவைத்தால் தோல் எளிதாக உரிந்து வரும். சதையை மசித்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, உப்பு, ஒரு தேக்கரண்டி கடுகெண்ணெய் சேர்த்தால் சோக்கா தயார். வெங்காயம், தக்காளி வதக்கிய மசாலாவில் அதே சதையைக் கிளறினால் பர்த்தா.

சிறிய உருண்டைக் காய்: ஆந்திரத்தின் குத்தி வங்காய, மகாராஷ்டிரத்தின் பர்லி வாங்கி, ஹைதராபாதின் பகாரா பைங்கன் ஆகியவற்றுக்கு உரியது. அரை கிலோ காயைக் காம்பு பிரியாமல் நான்காகக் கீறி உப்பு நீரில் இட வேண்டும். கைப்பிடி வேர்க்கடலை, இரண்டு மேசைக்கரண்டி எள், ஒரு மேசைக்கரண்டி தனியா, நான்கு காய்ந்த மிளகாய் ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்து, சிறிது புளியும் உப்பும் சேர்த்து அரைக்க வேண்டும். இந்த விழுதைக் காயினுள் அடைத்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்த எண்ணெயில் இட்டு, மூடிய பாத்திரத்தில் சிறுதீயில் 20 நிமிடம் வேகவிட வேண்டும். கீறும்போதே காயின் உட்புறம் தெரிந்துவிடுவதால் புழுவுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

நீளக் காய் அல்லது பருத்த காய்: வங்கத்தின் பேகுன் பாஜா எளிதினும் எளிது. ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, மஞ்சள்தூள், உப்பு, சிறிது மிளகாய்த்தூள் தடவி 15 நிமிடம் வைத்து, கடுகெண்ணெயில் இருபுறமும் பொன்னிறமாகப் பொரித்தால் சோற்றுக்கும் பருப்புக்கும் துணையாகும். புழு துளைத்த காயின் நல்ல பகுதிகளை வீணாக்காமல் பயன்படுத்தவும் இது ஏற்ற முறை. சிதைந்த வட்டங்களை மட்டும் ஒதுக்கினால் போதும்.

ஒரு காயை விதைக்கு விடுங்கள்

பருவத்தின் நடுவில், நோயற்ற செடி ஒன்றில் நல்ல வடிவான ஒரு காயைப் பறிக்காமல் அடையாளமிட்டு விட்டுவிடலாம். அது முற்றி மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறி மென்மையான பின் பறித்து, சில நாள்கள் வைத்துப் பிளந்து, விதைகளை நீரில் அலசினால் முற்றிய விதைகள் அடியில் தங்கும். அவற்றை நிழலில் உலர்த்தி, காற்றுப்புகாத புட்டியில் சேமித்தால் அடுத்த பருவத்துக்கு விதை வாங்க வேண்டியதில்லை. ஒட்டு ரக விதைகளில் இது பயன்தராது. அவற்றின் அடுத்த தலைமுறை தாய்ச்செடியைப் போல் அமையாது. நாட்டு ரகங்களுக்கும் பொது ரகங்களுக்கும் இது பொருந்தும்.

வீட்டில் நான்கு செடி வளர்ப்பதால் நாட்டின் பூச்சிக்கொல்லிப் பயன்பாடு குறைந்துவிடாது. விவசாயியின் சிக்கலும் தீர்ந்துவிடாது. ஆயினும், ஒரு பருவம் கத்தரி வளர்த்தவர் வாடிய நுனியை வெட்டியிருப்பார். துளை விழுந்த காயின் நல்ல பாதியைக் கறியாக்கி உண்டிருப்பார். அடுத்த முறை காய்கறிக் கடையில், சிறு துளை உள்ள காயை ஒதுக்கும் முன் அவர் கை ஒரு கணம் தயங்கும். துளையற்ற காயை மட்டுமே கேட்கும் சந்தைதான் தெளிப்பைக் கூட்டுகிறது எனில், அந்தத் தயக்கம் பரவுவதும் விவசாயிக்கு ஓர் உதவியே.